கொடுக்க மனமுண்டு, வாங்க வழியில்லை

கிருஷ்ணா நதிக்கரையில், அமராவதியில் ஒரு மகாதூபி இருந்தது. சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழமை. அதன் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 1845-ல் வால்டர் எலியட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஒரு தனி அறையில், கண்ணாடிக்குப் பின்னால், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் வைக்கப்பட்ட காற்றில் நிற்கின்றன. 1992-ல் திறக்கப்பட்ட அந்த அறைக்குப் பணம் கொடுத்தது ஒரு ஜப்பானிய நாளேடு. அசாஹி ஷிம்புன் என்ற அதன் பெயரைத்தான் அறை தாங்கியிருக்கிறது.

லண்டனுக்குப் போகாமல் தங்கியவையும் பிறகு அகழ்ந்து வந்தவையும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து அதிகாரிகள் அவற்றைக் கட்டடச் சுவரிலேயே பதித்துவிட்டார்கள். சென்னையோ கடலோர நகரம். சுவர் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் உப்பைக் கொண்டுவரும். உப்பு கல்லுக்குள் புகுந்து அதன் மேல்தோலை மாவாக உதிர்க்கும். அந்தக் கற்களைச் சுவரிலிருந்து பாதுகாப்பாகப் பிரித்தெடுப்பது எப்படி என்று வல்லுநர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். நிபுணர், நேரம், பணம் மூன்றும் சேர்ந்து வேண்டிய வேலை அது.

அந்தச் சிற்பங்கள் லண்டனில் இருப்பது நியாயமா என்பது தனி வழக்கு. இந்தக் கட்டுரை கேட்பது வேறொன்று. ஒரே தூபியின் கற்கள். ஒரு பாதிக்கு உலகின் மறுகோடியிலிருந்து ஒரு பத்திரிகை நிறுவனம் பணம் கொண்டுவந்து கொட்டுகிறது. மறுபாதி இருக்கும் ஊரில் கோடீஸ்வரர்களுக்குப் பஞ்சமில்லை. கார் கம்பெனிகள், மென்பொருள் நிறுவனங்கள், மருத்துவமனைக் குழுமங்கள், நகைக்கடைகள் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் இங்கே ஏன் எவரும் வரவில்லை?

நமக்குக் கலையில் அக்கறை இல்லை, கொடுக்கும் குணம் இல்லை என்றுதான் வழக்கமாகப் பதில் சொல்வார்கள். அது உண்மையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கொடுக்க விரும்புகிறவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் அமைப்பு நம் அரசு அருங்காட்சியகங்களிடம் இல்லை. குறை அங்கேதான் தொடங்குகிறது.

கருவூலத்தில் கரையும் காசு

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்து நாட்டிலேயே பழமையானது. மருத்துவரான எட்வர்ட் பால்ஃபர்தான் முதல் பொறுப்பாளர். கல்லூரிச் சாலையில் கம்பெனியின் கல்லூரி நடந்த கட்டடத்தில், சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த கனிமக் கற்களோடு ஆரம்பித்து, 1854-ல் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் பால்ஃபர் வைத்திருந்தார். பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னது அந்த நாட்களின் எச்சம்.

திருவாலங்காட்டு நடராசர் இங்கே இருக்கிறார். அவருடைய புகைப்படத்தைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதின் கட்டுரை எழுதினார். அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவை, ராபர்ட் புரூஸ் ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்கருவிகள், ரவிவர்மாவின் ஓவியங்கள், நாணயங்கள், செப்பேடுகள், கூரையிலிருந்து தொங்கும் திமிங்கலத்தின் எலும்புக்கூடு வரை எல்லாம் ஒரே வளாகத்தில். காணும் பொங்கலன்று கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிற இடம் இது. இந்த மக்கள் வருகையைத்தான் இந்த நிறுவனத்தின் முதல் சொத்தாக நான் எண்ணுகிறேன்.

அவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டின் காசு எங்கே போகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மாநில அரசுக்கு வரும் வருவாய் யாவும் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். சட்டமன்றம் ஒதுக்கினால்தான் அதிலிருந்து வெளியே வரும். அருங்காட்சியகம் அரசின் ஒரு துறை. எனவே வாசலில் வசூலாகும் பணம் அருங்காட்சியகத்தின் பணமாகாது. கூட்டம் இரண்டு மடங்கானாலும் வெண்கலக் கூடத்துக்கு ஒரு விளக்குகூடத் தானாகக் கூடாது. பொதுப்பணத்துக்குச் சட்டமன்றம் காவல் நிற்பது நல்ல ஏற்பாடு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நூறாண்டுகளுக்கு ஒரே பொருளைப் பேண வேண்டிய நிறுவனத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீட்டிலேயே நிறுத்திவைத்தால் நீண்ட வேலை எதற்கும் அதனால் திட்டம் போட முடியாது.

ஒரு தொழிலதிபர் வெண்கலக் கூடத்துக்கென்று பத்து லட்சம் கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசோலையை யார் பெயருக்கு எழுதுவார்? துறையின் பெயருக்கு எழுதினால் அது அரசுக் கணக்கு. அதே கூடத்துக்கே அது செலவாகும் என்பதற்கு அரசாணை வேண்டும். என்ன செய்தீர்கள் என்று அடுத்த வருடம் அவர் கேட்டால் பதில் சொல்ல ஓர் அறங்காவலர் குழு இல்லை. பேசி முடித்த ஆணையர் அதற்குள் வேறு துறைக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம்.

ஒருகாலத்தில் இப்படி இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை இங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். கிரேவ்லி என்ற விலங்கியலாளர் 1920 முதல் இருபது ஆண்டுகள். அவருக்குப் பின் மானுடவியலாளர் அ. ஐயப்பன் இருபது ஆண்டுகள். இந்த வளாகத்திலிருந்துதான் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் வெண்கலங்களின் பட்டியலை 1932-ல் வெளியிட்டார்கள். சிவராமமூர்த்தி அமராவதிச் சிற்பங்களைப் பற்றிய தம் நூலை 1942-ல் கொண்டுவந்தார். எஸ். பரமசிவன் 1930-களில் இங்கிருந்த ஆய்வகத்தில் நோயுற்ற வெண்கலங்களுக்கு மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தார். உலகமே திரும்பிப் பார்த்த வேலைகள். ஒரு மனிதர் ஒரு நிறுவனத்தில் இருபது வருடம் இருந்தால் ஊருக்கு அவரைத் தெரியும். அவரை நம்பித்தான் கொடுப்பார்கள்.

ஓய்வில்லாத வேலை

வெண்கலத்துக்கு நோய் வருமா என்று கேட்கலாம். வரும். கலவரக் காலங்களில் மண்ணுக்குள் புதைத்துக் காத்த தெய்வத் திருமேனிகள் உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளிப்பட்டு, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டர் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்கின்றன. மண்ணிலிருந்த குளோரைடு உலோகத்துக்குள் ஏறியிருக்கும். காற்றில் ஈரம் கூடியதும் அது விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைப் பொடி பூக்கும், உலோகம் உள்ளிருந்து தின்னப்படும். ஒருமுறை சுத்தம் செய்தால் தீர்ந்துவிடாது. அறையின் ஈரப்பதம் ராத்திரியும் பகலும், மழையிலும் கோடையிலும் ஒரே அளவில் நிற்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், கருவிக்கு மின்சாரம் வேண்டும், பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் வேண்டும்.

இந்த மூன்றுக்கும் ரிப்பன் வெட்ட முடியாது. பணம் கொடுப்பவர் அரசானாலும் தனியாரானாலும் அவர்களை ஈர்ப்பது புதுக் கட்டடம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீட்டமைப்பில் திறக்கப்பட்டபோது தமிழ்நாடே திரண்டு போய்ப் பார்த்தது. சுமார் பதினெட்டுக் கோடி ரூபாயில் எழுந்த அந்த வளாகம் ஒவ்வொரு ரூபாய்க்கும் தகுதியானது. ஆதிச்சநல்லூரை ஐந்து தொல்லியல் தலங்களில் ஒன்றாக மத்திய அரசு 2020 பட்ஜெட்டில் அறிவித்தது. அங்கே தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். இவை வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு. காப்பாளர் மாதாமாதம் சம்பளம். பட்ஜெட்டில் முன்னதற்குத் தலைப்புச் செய்தி கிடைக்கிறது. பின்னது காலிப்பணியிடமாகவே கிடக்கிறது. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் பக்கத்து மாவட்டக் காப்பாட்சியரே வந்துபோகும் ஏற்பாடு அதிலிருந்து பிறப்பதுதான். எழும்பூர் வளாகத்திலேயே 1909-ல் ஹென்றி இர்வின் கட்டி முடித்த சிவப்புக்கல் கலைக்கூடம் பலமற்றுப்போய்ப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது.

பராமரிப்புக்குப் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரேசில் காட்டியது. ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 1818-ல் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்கள். அதன் சொற்பப் பராமரிப்புத் தொகையும் பல ஆண்டுகளாக முழுசாக வரவில்லை. இருநூறாவது ஆண்டில் ஒருவழியாக அரசு வங்கியோடு ஒப்பந்தம் ஆனது. அந்தப் பணம் கைக்கு வருவதற்குள், 2018 செப்டம்பர் 2 இரவில், கட்டடம் எரிந்தது. பக்கத்துத் தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர்கூட இல்லை. பேச ஆளற்றுப்போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் சாம்பலாயின. டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்தது. அது அப்போது வாடகை இடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது.

மும்பை ஒரு சட்டம் போட்டது

சென்னையைப் போலவே பிரிட்டிஷ் காலத்தில் உருவானதுதான் மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயா. பழைய பெயர் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம். ஆனால் அதன் பிறப்பு வேறு மாதிரி. ஊர்ப் பிரமுகர்கள் கூடி யோசித்தார்கள். அரசு நிலம் கொடுத்தது. 1909-ல் தனிச் சட்டம் இயற்றி அறங்காவலர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ரத்தன் டாடாவின் கலைத்திரட்டும் தோராப் டாடாவின் கலைத்திரட்டும் அங்கே வந்து சேர்ந்தன. பெறுவதற்கு ஒரு கை இருந்ததால் கொடுத்தார்கள். இன்றும் அந்தக் குழுவின் பெயருக்குத்தான் காசோலை எழுதப்படுகிறது. வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் அங்கே கலைப்பொருள் பாதுகாப்புக்குப் பணம் தருகின்றன. 2023 இறுதியில் பிரிட்டிஷ் மியூசியம், கெட்டி, பெர்லின் அருங்காட்சியகங்களிலிருந்து கிரேக்க, ரோம, எகிப்தியச் சிற்பங்களை வரவழைத்து நம் சிற்பங்களோடு பக்கத்தில் நிறுத்திக் காட்டியதும் அதே நிறுவனம்தான்.

மும்பையிலேயே பைகுல்லாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. மாநகராட்சிக்குச் சொந்தமானது, பாழடைந்து கிடந்தது. 2003-ல் மாநகராட்சியும் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் மூவராக ஒப்பந்தம் போட்டுப் புதுப்பித்தார்கள். 2008-ல் மீண்டும் திறந்தது. சொத்து மாநகராட்சியிடமே இருக்கிறது.

மும்பையை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. சங்கிரகாலயாவின் நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய்க்கு மேல். காணும் பொங்கலுக்கு ஆறு பேராக வரும் குடும்பத்துக்கு அது முடியாத காசு. தன் காலில் நிற்கச் சொல்லி அருங்காட்சியகத்தைத் தள்ளிவிட்டால் முதலில் வெளியே நிற்கப்போவது அந்தக் குடும்பம்தான்.

தஞ்சைச் சுவரில் உள்ள கணக்கு

நமக்குக் கொடுக்கத் தெரியாது என்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படிக்க வேண்டும். தான் கொடுத்ததையும், தன் தமக்கை கொடுத்ததையும், தன் தேவிமார் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டான். பொன்னின் எடை, முத்தின் எண்ணிக்கை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. முதல் கரையாமல் பலன் மட்டும் செலவாகும் நிதி என்பது நமக்கு ஆயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த ஏற்பாடு. கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், செய்ய வேண்டிய வேலை, பொறுப்பாளி யார் என்ற நான்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட்டன. மக்கள் நம்பியதற்கு அதுதான் காரணம்.

அண்மைக் காலத்திலும் பார்த்தோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டபோது உலகெங்கும் இருந்து தமிழர்கள் அனுப்பினார்கள். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. 2018-ல் தொகை நிறைந்தது. இலக்கு தெரிந்தது, வசூல் தெரிந்தது, முதல் தொடப்படாது என்பதும் தெரிந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தத் திரட்டைக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை, அது கடல் கடக்கவில்லை. 1994-ல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றது. இன்று அந்த நூலகம் ஓர் அறக்கட்டளையாக இருப்பதால் அரசும் உதவ முடிகிறது, பல்கலைக்கழகமும் உதவ முடிகிறது, ஆயிரம் ரூபாய் தரும் வாசகரும் உதவ முடிகிறது.

சட்டம் எங்கே தடுக்கிறது

பணக்காரர்கள் அரசு அருங்காட்சியகத்துக்குத் தராமல் தாங்களே அருங்காட்சியகம் கட்டுவது பெருகிவருகிறது. டெல்லியில் கிரண் நாடார், பெங்களூரில் 2023-ல் திறந்த ‘மேப்’ போன்றவை. அவர்களை நான் பாராட்டுகிறேன். ‘மேப்’ அருங்காட்சியகத்துக்கு அபிஷேக் போதார் தம் சொந்தத் திரட்டையே கொடுத்தார். ஆனால் பொதுத் திரட்டுகள் பக்கம் அவர்கள் திரும்பாததற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஓர் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்புக்கு வரிக்கழிவு உண்டு. பிரிட்டனில் வாரிசு வரிக்குப் பதிலாக ஓவியத்தையே அரசு ஏற்றுக்கொள்ளும். நம் நாட்டில் மரணச் சொத்து வரி 1985-லேயே ஒழிந்தது. வருமானவரிச் சட்டத்தின் நன்கொடைச் சலுகை பணமாகக் கொடுத்தால் மட்டும்தான்; பொருளாகக் கொடுத்தால் கிடையாது. தாத்தா சேர்த்த நாணயங்களைப் பொதுவுக்குக் கொடுக்கும் பேரனுக்கு இந்தச் சட்டம் எந்த ஊக்கமும் தரவில்லை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் செலவழிக்கச் சொல்கிறது. பாரம்பரியம், கலை, பண்பாடு அந்தப் பட்டியலில் உண்டு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 25,000 கோடிக்கு மேல் செலவாகிறது. பெரும்பங்கு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போகிறது. கலைக்கு வருவது துளிதான். பசித்த பிள்ளைக்கும் பழைய செப்பேட்டுக்கும் நடுவில் எவரும் பிள்ளையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இந்த நிதியை நிறுவனங்கள் முதலாக வைக்கக் கொடுக்க முடியாது என்று 2021 ஜனவரியிலிருந்து விதி. தொடர்திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுக்குள் முடிய வேண்டும். ஈரப்பதத்தைக் காக்கும் வேலை மூன்றாண்டில் முடிகிற வேலை இல்லையே. ராஜராஜன் காலத்து இடையர் மந்தைக்கு இந்த விதியில் இடமே கிடையாது.

தனியார் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. போதை தரும் வலிநிவாரணி மாத்திரைகளை விற்றுச் சேர்த்த செல்வத்தால் சாக்லர் குடும்பம் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் எல்லாம் தன் பெயரைப் பதித்திருந்தது. 2019-ல் லூவ்ரும், 2021-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனும், 2022-ல் பிரிட்டிஷ் மியூசியமும் அந்தப் பெயரை நீக்க வேண்டியதாயிற்று. இன்னொரு ஆபத்து, கொடையாளரின் கண் நடராசர் மேல்தான் விழும். பூச்சிகளின் பெட்டிக்கும் உலர்தாவரங்களுக்கும் ஈயக்காசுகளுக்கும் எவர் பெயர் சூட்ட வருவார்? எனவே சம்பளம், மின்சாரம், தீயணைப்பு, பட்டியல் ஆகிய அடிப்படைச் செலவு அரசின் கடமையாகவே இருக்க வேண்டும். தனியார் கொடை அதற்கு மேலே நிற்கட்டும்.

அந்த மேல்நிலையைக் கட்டுவது எப்படி என்று தமிழ்நாடு அரசுக்குத் தெரியும். அரசுப் பள்ளிகளுக்காக 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அமைப்பைத் தொடங்கியது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், விசுவநாதன் ஆனந்த் தூதர். கொடுப்பவர் தாம் படித்த பள்ளியையே தேர்ந்தெடுக்கலாம். பணம் என்ன ஆனது என்று பார்க்கலாம். பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகவே இருக்கின்றன. அருங்காட்சியகங்களுக்கும் இதே போன்ற அமைப்பை அமைக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சொத்து அரசிடம் இருக்கட்டும். கொடைகளைப் பெற ஓர் அறக்கட்டளை, அதில் கல்வெட்டறிஞரும் வேதியியலாளரும் பெரும்பான்மையாக இருக்கட்டும், ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கை பொதுவில் வரட்டும். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் தரும் பணத்தை வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வாங்கும் பதிவும் அந்த அறக்கட்டளைக்கு வேண்டும். எழும்பூருக்கு 2026 நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டு. இதைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடைக்காது.

முதலில் செய்ய வேண்டியதற்குப் பெரிய பணம்கூடத் தேவையில்லை. எழும்பூரிலும் இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அருங்காட்சியகங்களிலும் என்னென்ன இருக்கின்றன என்ற முழுப் பட்டியலைப் படத்தோடு, கிடைத்த ஊர்ப் பெயரோடு வெளியிடட்டும். தம் ஊரில் ஏர் உழும்போது கிடைத்த சோமாஸ்கந்தர் எந்த அலமாரியில், எந்த நிலையில் இருக்கிறார் என்று அந்த ஊரார் பார்க்கட்டும். பக்கத்திலேயே இந்தத் திருமேனிக்குச் சிகிச்சை செய்ய எவ்வளவு ஆகும் என்ற தொகையும், பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணும் இருக்கட்டும்.